பொங்கல் லீவுக்கு குமரகம், ஆலப்புழை: ஹவுஸ்போட்டை விட்டால் வேறு என்ன இருக்கிறது?

வைகைக்கரை கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். பொங்கல் லீவுக்கு மதுரையிலிருந்து மூன்று நாள் கேரளாவில் குமரகம், ஆலப்புழைப் பக்கம் போவதாக வீட்டில் முடிவாகிவிட்டது. முடிவெடுத்தது என் பையன். பதினோரு வயது. அங்கே கடலுக்குக் கீழே வயல் இருக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள், அதை நேரில் பார்த்தே தீர வேண்டுமாம். கூட வருவது மனைவி, ஏழு வயது மகள், அப்புறம் அம்மா. அம்மாவுக்கு 68 முடிந்துவிட்டது, இரண்டு முழங்காலும் தேய்மானம், தரையில் உட்கார்ந்தால் தூக்கிவிட ஆள் வேண்டும். சுத்த சைவம் வேறு, மீன் வாடை வந்தாலே முந்தானையை மூக்கில் வைத்துக்கொள்வார்.

யாரைக் கேட்டாலும் ஹவுஸ்போட் எடுத்துவிடு, மற்றதை யோசிக்காதே என்கிறார்கள். நெட்டில் தேடினாலும் அதே தென்னை மரம், அதே படகு, அதே வாழையிலை மீன். ஒரு ராத்திரிக்கு அவர்கள் கேட்கும் வாடகையைப் பார்த்தால் எனக்கு அடிவயிற்றைக் கலக்குகிறது, அதுவும் பொங்கல் நேரத்தில்.

ஹவுஸ்போட் இல்லாமல் அந்தக் காயலை ஒழுங்காகப் பார்க்க வழி உண்டா? சுற்றுவட்டாரத்தில் என்னென்ன இருக்கிறது, அதில் அம்மாவால் முடிந்தது எது? தங்குவது குமரகத்திலா, ஆலப்புழையிலா? சொந்தக் காரில் கம்பம், குமுளி வழியாக வரலாம் என்று இருக்கிறேன். போய்வந்தவர்கள் உள்ளது உள்ளபடி சொல்லுங்கள்.


கோட்டயத்துத் தமிழன்:

காயல் இருக்கட்டும் அண்ணே, முதலில் வழியைப் பார்ப்போம். ஜனவரி 14 மகரவிளக்கு. நம் ஊரிலிருந்து சபரிமலைக்குப் போகிற வண்டிகளில் பாதி நீங்கள் சொல்லும் அதே கம்பம், குமுளி சாலையில்தான் வரும். நெரிசல் நாட்களில் கம்பம்மெட்டு வழியாகத் திருப்பியும் விடுவார்கள். குமுளியிலிருந்து கோட்டயம் நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல்தான், ஆனால் பீருமேடு, குட்டிக்கானம் தாண்டி முண்டக்கயம் இறங்கும் வரை வளைவு மேல் வளைவு. அந்தக் கூட்டத்தில், மூட்டு வலியோடு இருக்கிற அம்மாவைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு வருவதை நான் செய்ய மாட்டேன். மதுரை, குருவாயூர் ரயில் செங்கோட்டை, புனலூர், கொல்லம் சுற்றிக் கோட்டயம் வருகிறது. ஒரு பகல் முழுக்க ரயிலிலேயே போய்விடும், உண்மைதான். ஆனால் ஆரியங்காவு மலையில் ரயில் இறங்குவதும், கழுதுருட்டியில் அந்தப் பதிமூன்று கண் பாலம் தெரிவதுமே ஒரு சுற்றுலா. கோட்டயம் ஸ்டேஷனிலும் ஐயப்ப சாமிகள் கூட்டம் இருக்கும், டிக்கெட்டை இப்போதே போட்டுவிடுங்கள்.

காரில்தான் வருவேன் என்றால் 15ஆம் தேதிக்குப் பிறகு கிளம்புங்கள். அன்று திரும்பும் கூட்டம் எதிர்ப்பக்கம் போகும்.

சரி, காயலுக்கு வருவோம். படத்தில் பார்த்தால் ஏதோ ஊர் ஏரி மாதிரி இருக்கும். வேம்பநாட்டுக் காயல் வடக்குத் தெற்காகக் கிட்டத்தட்ட 96 கிலோமீட்டர், இந்தியாவிலேயே நீளமான ஏரி. அதன் கிழக்குக் கரையில் குமரகம், மேற்குக் கரையில் முகம்மா, தென்மேற்கு மூலையில் ஆலப்புழை. தெற்கே விரிந்து கிடப்பதுதான் குட்டநாடு, உங்கள் பையன் கேட்கிற இடம். அவனுக்குச் சொல்லுங்கள், வயல் தண்ணீருக்கு அடியில் இல்லை, கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது, சில இடங்களில் ஆளை மூழ்கடிக்கும் ஆழத்துக்கு, அதாவது 2 மீட்டருக்கும் மேலே. காயலில் சேற்றை வெட்டி வரப்பு போட்டு, உள்ளே நின்ற தண்ணீரை இறைத்து வெளியே தள்ளி உண்டாக்கிய நிலம் அது. ஆர் பிளாக், சித்திரை, மார்த்தாண்டம், ராணி என்று அந்த நிலங்களுக்குப் பெயர். கடைசி மூன்றையும் 1940களில் முரிக்கன் என்ற ஒரே ஆள் முன்நின்று எழுப்பினார், காயல் ராஜா என்றே அவரைச் சொல்வார்கள். இந்த விவசாய முறையை ஐ.நா.வின் உணவு, வேளாண் அமைப்பு 2013ல் உலக வேளாண் மரபாக அங்கீகரித்தது.

ஜனவரியில் வருவது ஒரு அதிர்ஷ்டம். புஞ்சை என்று இங்கே சொல்கிற பருவத்து நெல் பச்சையாக நிற்கும். படகிலிருந்து பார்த்தால் வரப்பில் வரிசையாகத் தென்னை, அதற்கு அந்தப் பக்கம் பள்ளத்தில் நெல். நாம் வயலைவிட உயரத்தில் மிதந்துகொண்டு இருப்போம். முதல் தடவை பார்த்தபோது என் மூளைக்கு அது பிடிபடவே இல்லை, ஆற்றைவிட வயல் மேலே இருந்துதான் எனக்குப் பழக்கமா, இங்கே எல்லாம் தலைகீழ். வரப்பு ஓரத்தில் ஒரு மோட்டார் கொட்டகை தெரியும். உள்ளே பெரிய மரப்பீப்பாய் மாதிரி ஒன்று, பக்கத்தில் மரப்பெட்டி. இதைப் பெட்டியும் பறையும் என்பார்கள். பீப்பாய்க்குள் விசிறி சுற்றி வயல் தண்ணீரை மேலே தூக்க, பெட்டி வழியாக அது காயலில் விழும். அந்தக் காலத்தில் இதே வேலையை மரச்சக்கரத்தை மணிக்கணக்காகக் காலால் மிதித்துச் செய்திருக்கிறார்கள். பையனை அங்கே கொண்டுபோய் நிறுத்துங்கள், ஹவுஸ்போட்டை மறந்துவிடுவான்.

இதையெல்லாம் பார்க்க வழி? அரசுப் படகு. ஆலப்புழை ஜெட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கிருந்து கோட்டயம் வரை மாநில நீர்ப் போக்குவரத்துத் துறையின் படகு ஓடுகிறது, சுமார் இரண்டரை மணி நேரம், டிக்கெட் நம் ஊர் டவுன் பஸ் மாதிரிதான், ஒரு குடும்பமே போனாலும் ஒரு வேளை டிபன் செலவு ஆகாது. புன்னமடை, ஆர் பிளாக் வயல்கள், அப்புறம் திறந்த காயல், அதைக் குறுக்கே கடந்ததும் காஞ்சிரம், அங்கிருந்து குறுகலான வாய்க்காலில் கோட்டயத்துக் கோடிமதை ஜெட்டி. அந்தக் கடைசித் துண்டுதான் எனக்குப் பிடித்தது. வாய்க்காலின் குறுக்கே நடைபாலங்கள் இருக்கின்றன, படகு வந்தால் பாலத்தையே கயிறு கட்டி மேலே தூக்கிவிடுவார்கள். சைக்கிளோடு ஒரு ஆள் கரையில் காத்துக்கொண்டு நிற்பார், படகு நகர்ந்ததும் பாலம் இறங்கும், அவர் போவார். ரயில்வே கேட் மாதிரி, ஆனால் எல்லாரும் எல்லாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு. எந்தப் பாலமாவது மக்கர் பண்ணினால் படகு காஞ்சிரத்தோடு நின்றுவிடும், அங்கிருந்து பஸ் பிடிக்க வேண்டும். அதனால் ஏறும்போதே ஜெட்டியில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

மற்றதை ராத்திரி எழுதுகிறேன், கடையில் ஆள் வந்துவிட்டார்கள்.


நெத்திலிப்பொடி:

ஹவுஸ்போட் பற்றி என் வயிற்றெரிச்சலையும் கொட்டிவிடுகிறேன். ஆலப்புழையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஒருவர் வந்து, தம்பி தம்பி என்று தோளில் கை போட்டு, போனில் பளபள என்று படம் காட்டி, முன்பணம் வாங்கிக்கொண்டார். போய்ப் பார்த்தால் படம் வேறு, படகு வேறு. மெத்தையில் ஈர வாடை. ஏசி ராத்திரி ஒன்பதுக்குத்தான் போடுவோம் என்றார்கள், மதியம் முழுக்க வெந்தோம். சாயங்காலம் ஐந்தரைக்கெல்லாம் ஒரு கரையில் கட்டிவிட்டார்கள், எங்களுக்கு இடதுபக்கம் ஒரு படகு, வலதுபக்கம் ஒரு படகு, மூன்றிலும் ஜெனரேட்டர், ஒன்றில் கல்லூரிப் பையன்கள் குத்துப்பாட்டு. காயலின் நிசப்தம் என்று எழுதியிருந்தான் விளம்பரத்தில். பகல் பன்னிரண்டுக்கு ஏற்றி மறுநாள் காலை ஒன்பதுக்கு இறக்கிவிட்டதில் படகு நிஜமாக ஓடியது ஐந்து மணி நேரம் இருக்குமா, சந்தேகம்தான்.

எடுக்கவே வேண்டாம்.


சுக்குக்காப்பி:

நெத்திலிப்பொடி சொல்வது நடக்கிறதுதான், ஆனால் அதற்காக ஒரேயடியாக வேண்டாம் என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. நான் என் மாமியாரை அழைத்துப் போனேன், அவருக்கும் முழங்கால் பிரச்சினை, கூடவே சர்க்கரை. அரசுப் படகில் கழிப்பறையை நம்பி இரண்டரை மணி நேரம் உட்கார அவரால் முடியாது. ஹவுஸ்போட்டில் அவருக்கென்று ஒரு அறை, மேற்கத்திய கழிப்பறை, கால் நீட்டப் படுக்கை, நினைத்த நேரத்துக்கு டீ. கல்யாணமாகி நாற்பது வருஷத்தில் அவர் வேலை எதுவும் செய்யாமல் ஒரு பகல் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது அன்றைக்குத்தான். நீங்கள் பையன் என்ன பார்ப்பான் என்று யோசிக்கிறீர்கள், உங்கள் அம்மாவுக்கு என்ன பிடிக்கும் என்று யாராவது கேட்டீர்களா?

சாயங்காலம் கட்டிவிடுகிறார்கள் என்ற புகாருக்குக் காரணம் இருக்கிறது. இருட்டியதும் மீனவர்கள் வலை போடும் நேரம், பெரிய படகு ஓடினால் வலை அறுந்துவிடும். அது சட்டம், படகுக்காரரின் சோம்பேறித்தனம் இல்லை. ஏசி விஷயமும் முன்கூட்டியே கேட்டால் சொல்லிவிடுவார்கள், முழு நேர ஏசி வேண்டும் என்றால் அதற்குத் தனி வாடகை.

ராத்திரி தங்குவதுதான் செலவு. நாங்கள் எடுத்தது பகல் பயணம் மட்டும், காலையில் ஏறிச் சாயங்காலம் இறங்கிவிட்டோம், மதியச் சாப்பாடு அதிலேயே. வாடகை நிறையக் குறைந்தது, ராத்திரி கரையில் ஒரு ஹோம்ஸ்டேயில் கொசுவலைக்குள் நிம்மதியாகத் தூங்கினோம். தரகரிடம் பேசாதீர்கள். புன்னமடையில் ஃபினிஷிங் பாயின்ட் என்று ஒரு ஜெட்டி, நேரு கோப்பைப் படகுப் போட்டி முடியும் இடம், படகுகள் அங்கேதான் வரிசையாக நிற்கும். நேரில் போய்ப் படகுக்குள் ஏறி, கழிப்பறையைத் திறந்து பார்த்து, மெத்தையைத் தொட்டுப் பார்த்து, அப்புறம் பேரம். பொங்கல் நேரத்தில் நேரில் போய்க் கிடைக்குமா என்ற பயம் இருந்தால், போனில் பேசும்போது படகின் இப்போதைய வீடியோவை அனுப்பச் சொல்லுங்கள்.

அந்தப் படகையும் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். பழைய கெட்டுவள்ளம், முன்பு நெல் மூட்டை ஏற்றிப் போனது. ஆணி கிடையாது, அயனிப் பலகைகளைக் கயிற்றால் தைத்திருப்பார்கள், மேலே முந்திரி ஓட்டு எண்ணெய் பூசிய கருப்பு. கயிறு போகும் துளைகளுக்குப் பக்கத்தில் விரலை வைத்தால் தேங்காய் நார் தட்டுப்படும். நான் அதைத் தடவிக்கொண்டே இருந்தேன், சமையல்காரப் பையன் சிரித்துவிட்டான்.

சைவம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் மீன் பொரித்த அதே எண்ணெயில் அப்பளம் வரும். அப்புறம் சோறு. அங்கே குண்டுக் குண்டாகச் சிவப்பு அரிசி, பழகாதவர்களுக்கு வயிறு கல் மாதிரி ஆகிவிடும், வெள்ளை அரிசி வேண்டும் என்று கேட்டால் வடித்துத் தருவார்கள். குடிக்க இளஞ்சிவப்பாகச் சூடான தண்ணீர் வைத்தால் பயப்பட வேண்டாம், பதிமுகப் பட்டை போட்டுக் கொதிக்க வைத்தது.


கரிசக்காட்டு நரி:

மூன்று நாள் அந்தப் பக்கம் போய்விட்டு வைக்கம் பார்க்காமல் திரும்பினால் உங்களைத் தமிழ்நாட்டுக்குள் விடக்கூடாது. குமரகத்திலிருந்து வடக்கே இருபது கிலோமீட்டர் சொச்சம். 1924 மார்ச் 30ல் தொடங்கி அடுத்த வருஷம் நவம்பர் வரை நடந்த போராட்டம், கோயிலுக்குள் போவதற்குக்கூட இல்லை, கோயிலைச் சுற்றி இருக்கிற தெருவில் எல்லாரும் நடக்கலாம் என்பதற்கு. கேரளத் தலைவர்கள் வரிசையாகச் சிறைக்குப் போனதும் ஈரோட்டிலிருந்து பெரியாரை வரவழைத்தார்கள், அவரும் இரண்டு முறை உள்ளே போனார், நாகம்மையார் வந்து பெண்களைத் திரட்டினார். வைக்கத்தில் தமிழ்நாடு அரசு நடத்தும் பெரியார் நினைவகம் இருக்கிறது, புதுப்பித்து 2024 டிசம்பரில் திறந்தார்கள். பையனுக்குப் பாடத்தில் ஒரு வரியாக வந்திருக்கும், இங்கே அந்தத் தெருவிலேயே நிற்க வைக்கலாம். கோயிலின் நாலு வாசலையும் சுற்றி நடந்து பாருங்கள், எவ்வளவு சின்னத் தூரம், இதற்கா இருபது மாதம் என்று தோன்றும். எனக்குத் தோன்றியது.

கோயிலுக்குள் ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். வேட்டி கையில் இருக்கட்டும்.

வைக்கத்தில் இன்னொன்று, உங்கள் பட்ஜெட்டுக்கு ஏற்றது. அங்கிருந்து எதிர்க்கரையில் தவணக்கடவுக்குப் படகு ஓடுகிறது. இந்தியாவின் முதல் சூரிய சக்திப் பயணிப் படகு, ஆதித்யா என்று பெயர், 2017ல் இந்தத் தடத்தில்தான் விட்டார்கள். கால் மணி நேரம்தான் பயணம். டீசல் படகுக்கும் இதற்கும் வித்தியாசம் காதுக்குத் தெரியும், பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்கும். ஏறும் நேரத்தில் எந்தப் படகு நிற்கிறதோ அதுதான், ஆதித்யா வேண்டும் என்றால் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். இறங்கினால் சேர்த்தலைக்கு பஸ், அங்கிருந்து ஆலப்புழை. ஆக, குமரகம், வைக்கம், தவணக்கடவு, ஆலப்புழை என்று ஒரு சுற்றாகவே போகலாம், வந்த வழியே திரும்பும் சலிப்பு இல்லை.


வைகைக்கரை:

எல்லோருக்கும் நன்றி. சுக்குக்காப்பி அக்கா, நீங்கள் கேட்ட கேள்வி சுருக்கென்று இருந்தது. அம்மாவிடம் போய்க் கேட்டேன், உனக்கு அங்கே என்னம்மா பார்க்கணும் என்று. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அம்பலப்புழையில் பால் பாயசம் கொடுப்பார்களாமே, கிடைக்குமா என்றார். ரேடியோவில் எப்போதோ கேட்டதாம். இந்த வீட்டில் இத்தனை வருஷம் இருந்துகொண்டு எனக்கு இது தெரியாது.

ரயிலில் டிக்கெட் போட்டுவிட்டேன், மகரவிளக்குக்கு மறுநாள். இப்போது கேள்வி: பறவைகள் சரணாலயத்துக்குப் போகலாமா? என் மைத்துனன் ஒரு ரீல் அனுப்பினான், கண்ணுக்கெட்டிய தூரம் இளஞ்சிவப்பு அல்லிப் பூ, நடுவே தோணி, கோட்டயம் என்று போட்டிருந்தது. அது எங்கே? பாதிராமணல் தீவுக்குப் போவதில் பயன் உண்டா? அம்பலப்புழையையும் எங்காவது நுழைக்க வேண்டும்.


கோட்டயத்துத் தமிழன்:

அல்லிப் பூவை மறந்துவிடுங்கள். அது மலரிக்கல், திருவார்ப்பு பஞ்சாயத்து, என் வீட்டிலிருந்து பக்கம்தான். மழைக்காலத்தில் வயலில் தண்ணீர் நிறைந்து கிடக்கும்போது பூப்பது, ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில். அதுவும் விடிகாலையில், வெயில் ஏறினால் மூடிக்கொள்ளும். நீங்கள் வரும் ஜனவரியில் அங்கே நெல்தான் நிற்கும். ரீல் போடுகிறவன் தேதி போடுவதில்லை, போன பொங்கலுக்கு ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்து வரப்பில் நின்று பூ எங்கே என்று என்னிடமே கேட்டார்கள்.

பறவைகள் சரணாலயம் சின்னது, 14 ஏக்கர்தான். பேக்கர் என்ற ஆங்கிலேயக் குடும்பத்தின் பழைய தோட்டம், அவர்கள் வீடுதான் பக்கத்தில் இப்போது பெரிய ஹோட்டலாக நிற்கிறது. மாநில சுற்றுலா வளர்ச்சிக் கழகம் நடத்துகிறது. காலை ஆறு மணிக்கு வாசலில் நின்றால் போங்கள், ஒன்பது மணிக்குப் போவதாக இருந்தால் காசு வீண், இலையும் கொசுவும்தான் பார்ப்பீர்கள். ஜனவரியில் வலசை வரும் பறவைகள் இருக்கும், பாம்புத்தாரா, நீர்க்காகம், வக்கா எல்லாம் கூடு கட்டிக் குஞ்சு பொரிப்பது ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. உள்ளே கல் பாவிய பாதையில் நிறைய நடக்க வேண்டும், காட்சிக் கோபுரம் வேறு. அம்மாவை விட்டுவிட்டு நீங்களும் பிள்ளைகளும் மட்டும் ஓடிப்போய்விட்டு வாருங்கள், அதற்குள் அவர் காப்பி குடித்து முடிப்பார்.

பறவை பார்க்க எனக்கு நம்பிக்கையான வழி முகம்மா படகு. குமரகத்திலிருந்து முகம்மாவுக்கு அரசுப் படகு காயலைக் குறுக்கே கடக்கிறது, முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. நடுக்காயலில் வலை கட்டிய கழிகள் மேல் வரிசையாக ஆலாக்கள், நீர்க்காகங்கள் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டு. சரணாலயத்தில் ஒரு மணி நேரம் கழுத்து வலிக்கப் பார்த்ததைவிட எனக்கு இங்கே அதிகம் கிடைத்திருக்கிறது. ஜன்னலோரத்தில் உட்கார்ந்தால் அம்மாவுக்கும் தெரியும். ஒன்று மட்டும். 2002 ஜூலையில் இதே முகம்மாவிலிருந்து குமரகம் வந்த படகு கவிழ்ந்து 29 பேர் இறந்தார்கள், இந்த ஊர்க்காரர்கள் இன்னும் அந்தப் படகை நம்பரோடு நினைவு வைத்திருக்கிறார்கள். எந்தப் படகாக இருந்தாலும், கூட்டம் அதிகம் என்று கண்ணுக்குப் பட்டால் அடுத்ததில் வாருங்கள், பிள்ளைகளுக்கு லைஃப் ஜாக்கெட் கேட்டுப் போடுங்கள். வெட்கப்பட வேண்டாம்.

பாதிராமணல் முகம்மா பக்கத்துத் தீவு, நள்ளிரவு மணல் என்று பொருள். சந்தியாவந்தனம் செய்ய ஒரு அந்தணர் காயலில் இறங்க, தண்ணீர் விலகி மணல் எழுந்தது என்று கதை. மரமும் புதருமாக இருக்கும், ஆள் குடியிருப்பு இல்லை. நல்ல இடம்தான், ஆனால் நடப்பதற்கான இடம், உங்களுக்கு அதில் ஒரு அரை நாள் போய்விடும். ஆலப்புழையிலிருந்து அரசின் சுற்றுலாப் படகே ஒன்று பாதிராமணல், குமரகம் பக்கம் சுற்றிக் காட்டுகிறது, வேகா என்று பெயர். தனிப் படகு எடுக்க மனமில்லாதவர்களுக்கு அது தோதானது. லீவு நாளில் முன்பதிவு இல்லாமல் கிடைக்காது.

இன்னொரு விஷயம் யாரும் சொல்லவில்லை. தண்ணீர்முக்கத்தில் காயலின் குறுக்கே ஒரு தடுப்பணை இருக்கிறது, 1970களில் முடித்தார்கள். கடல் உப்பு வயலுக்குள் ஏறாமல் இருக்க டிசம்பர் வாக்கில் ஷட்டரை இறக்கி, அறுவடை வரை வைத்திருப்பார்கள். நெல்லுக்கு நல்லது, மீனவர்களுக்கு ஆகாது, இரண்டு தரப்புக்கும் வருஷா வருஷம் எப்போது திறப்பது என்று இழுபறி. உப்பு ஏறாததால் ஆகாயத்தாமரை கொழுத்து மண்டும். வாய்க்கால் முழுக்கப் பச்சைப் பாய் விரித்த மாதிரி பார்க்க அழகாக இருக்கும், ஆனால் புரொப்பல்லரில் சுற்றிக்கொண்டால் படகு அப்படியே நிற்கும், ஒரு ஆள் குனிந்து கத்தியால் அறுத்து எடுப்பார். உங்கள் பயணத்தில் இது ஒரு தடவையாவது நடக்கும். சாலையில் போனால் அந்த அணை மேலேயே வண்டி போகும், ஒரு பக்கம் தண்ணீரின் நிறம் ஒன்று, மறுபக்கம் வேறு.

அம்பலப்புழை ஆலப்புழைக்குத் தெற்கே, தேசிய நெடுஞ்சாலையிலேயே, அரை மணி நேரம். பாயசம் மதியப் பூஜை முடிந்து கிடைக்கும், சீக்கிரம் தீர்ந்தும் போகும், அதனால் காலையிலேயே போய் கவுண்டரில் கேட்டு வையுங்கள். இளஞ்சிவப்பு நிறத்தில் இருக்கும், பாலும் அரிசியும் சர்க்கரையும்தான், மணிக்கணக்கில் வற்றவிட்டது. அந்தக் கோயில் கதை உங்கள் பையனுக்கானது. ராஜா ஒருவர் சதுரங்கத்தில் தோற்றார், ஜெயித்தவர் கேட்டது அரிசி, முதல் கட்டத்துக்கு ஒன்று, அடுத்ததற்கு இரண்டு, அப்புறம் நாலு, இப்படி 64 கட்டத்துக்கும். ஜெயித்தவர் கிருஷ்ணனே, கடன் தீராததால் தினமும் பாயசம் என்பது கதை. 64 கட்டத்தையும் கூட்டினால் எத்தனை இலக்க எண் வருகிறது என்று ரயிலில் அவனைக் கணக்குப் போடச் சொல்லுங்கள். இருபது இலக்கம். தென்காசி தாண்டும் வரை சத்தம் இருக்காது.

அங்கிருந்து கிழக்கே சில கிலோமீட்டரில் கருமாடி. ஒரு வாய்க்கால் ஓரத்தில் சின்ன மண்டபத்துக்குள் கருங்கல் புத்தர், கருமாடிக்குட்டன் என்று ஊர்க்காரர்கள் கூப்பிடுகிறார்கள். இடது பக்கம் உடைந்து போய்விட்டது. பாதி உடம்போடு உட்கார்ந்திருக்கிறார், முகத்தில் ஒரு குறையும் இல்லை. கொச்சித் துறைமுகத்தைக் கட்டிய ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளர்தான் 1930களில் இதை வாய்க்காலிலிருந்து எடுத்து வைத்தார் என்பார்கள். டிக்கெட் இல்லை, கடை இல்லை, பத்து நிமிஷம் போதும். நான் விருந்தாளி வந்தால் அழைத்துப் போகும் இடம் இதுதான், பாதிப் பேர் இதற்கா இவ்வளவு தூரம் என்பார்கள். போகட்டும்.

என்னைக் கேட்டால் முதல் ராத்திரி குமரகம். மறுநாள் விடிகாலை சரணாலயம், அப்புறம் வைக்கம், தவணக்கடவு சுற்றி ஆலப்புழை. அடுத்த நாள் காலை அம்பலப்புழை, பாயசத்தோடு கருமாடி, சாயங்காலம் ஆலப்புழைக் கடற்கரை. 1862ல் கட்டிய கடல்பாலத்தின் இரும்புக் கால்கள் மட்டும் தண்ணீரில் நிற்கும், அதே வருஷத்துக் கலங்கரை விளக்கமும் பக்கத்தில். படி ஏறப் பிள்ளைகள் போதும். கடைசி நாள் ஆலப்புழையிலிருந்து அரசுப் படகில் கோட்டயம், அங்கே ரயில். பெட்டி கனமாக இருந்தால் இதில் ஒரு தொல்லை உண்டு, பையாகக் கொண்டு வாருங்கள்.


நெத்திலிப்பொடி:

ஏற்றுமானூர் கோயில் ஓவியமும் ஏழரைப் பொன்னானையும் (ஏழு பெரிய, ஒரு சின்ன தங்க யானைச் சிலைகள்) விட்டுவிட்டீர்களே?


கோட்டயத்துத் தமிழன்:

விட்டுத்தான் விட்டேன். பொன்யானை திருவிழாவில்தான் வெளியே வரும், அது மாசியில். மூன்று நாளில் இதற்கு மேல் திணித்தால் அம்மா பாயசத்தோடு ரயில் ஏறிவிடுவார்.


வைகைக்கரை:

அப்படியே எடுத்துக்கொண்டேன் அண்ணே, ஒரு மாற்றம். இரண்டாம் நாள் வைக்கம் சுற்றை நானும் பையனும் மட்டும் போகிறோம். அம்மா, மனைவி, மகள் மூவருக்கும் சுக்குக்காப்பி அக்கா சொன்ன பகல் ஹவுஸ்போட், குமரகத்தில் ஏறி அங்கேயே இறங்குவதாகப் பேசப் போகிறேன், சாயங்காலம் டாக்சியில் ஆலப்புழை வந்துவிடுவார்கள். மனைவிக்கு இதில் இருக்கிற சந்தோஷத்தைப் பார்த்தால் எங்களைக் கழற்றிவிட்டதற்கா, படகுக்கா என்று தெரியவில்லை. கடைசியாக ஒன்று கேட்டுவிடுகிறேன். கோட்டயம் படகில் அம்மாவால் ஏற முடியுமா? படி இருக்கிறதா, பலகை போடுவார்களா?


கோட்டயத்துத் தமிழன்:

ஆலப்புழை ஜெட்டியில் பலகை எல்லாம் இல்லை. ஜெட்டித் தரைக்கும் படகு விளிம்புக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி, உள்ளே ஒரு படி இறங்க வேண்டும். கயிறு பிடித்துக் கட்டும் ஆள் வாசலிலேயே நிற்பார், அம்மச்சி, கை தா என்று அவரே கையை நீட்டிவிடுவார். புறப்படும் நேரத்துக்குக் கால் மணி முன்னால் போய் நில்லுங்கள், கூட்டம் ஏறுவதற்குள் உட்கார வைத்துவிடலாம். இடதுபக்கம் முன்வரிசை. இஞ்சினுக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம், சூடும் டீசல் வாடையும். மேலே இருந்து கயிற்றை இழுத்து மணியடித்துத்தான் இஞ்சின்காரருக்கு நிறுத்து, எடு என்று சொல்வார்கள், உங்கள் மகளை அந்த மணிக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள்.